பழுப்புக் கோடுகள்

...அப்படியென்றால் இத்தனை குழாய்களா, இவ்வளவு பழுப்பா, கண்ணாடித் தகட்டைத் துடைத்து மறுபடியும் மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள், துடைத்தால் மட்டும் போய்விடுமா என்ன, சாயம் போட்டதே அவள்தான், ரத்தக்குழாய் இருக்கிற இடத்தில் மட்டும் பழுப்பாக ஒட்டுகிற சாயம்... இந்த லேபில் அவளுக்குச் சாயம் போடுவதுதான் வேலை, பார்த்துச் சொல்வது டாக்டர், சொந்தக்காரர் சதையைத் தொடவே கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். தகட்டில் பெயர் கிடையாது, நம்பர்தான், ஆனால் அக்காவின் நம்பர் பாழாய்ப்போன மனசில் போய் உட்கார்ந்துகொண்டதே, என்ன செய்ய. அக்காவின் கருப்பை வாயிலிருந்து கிள்ளி எடுத்த துளிச் சதை. டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார், "ஒரு நிமிஷம்" என்றுதான் போனார், அவருடைய ஒரு நிமிஷத்தின் நீளம் லேபுக்கே தெரியும், முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே ஒருநிமிஷம்தான்.

அந்த ஒருநிமிஷம்தான் ஒருநாள் டீ ஆற ஆற, கருப்பை வாயில் புற்றைக் கொண்டுவருகிற வைரஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், "அந்த வைரஸ் கட்டிய மட்டும் வளக்கலம்மா, அதுக்குச் சாப்பாடு போட ஆளையும் சேத்துக் கூப்பிடுது. செல்லுக்குள்ள பூந்து பிரேக்கையே பிடுங்கிடும். அப்புறம் அந்த செல்லு, ரத்தம் பத்தல, ரத்தம் பத்தலன்னு சிக்னல் விட்டுக்கிட்டே இருக்கும். பக்கத்துல இருக்கிற குழாயெல்லாம் கிளைவிட்டு அங்க ஓடும்." அன்றைக்குத் தலையாட்டிவிட்டு ட்ரே கழுவப் போய்விட்டாள், யார் வீட்டுக் கதையோ என்று. இப்போது அக்காவின் உடம்பு அக்காவுக்கே தெரியாமல் அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கிறதா, அக்காவும் அப்படித்தானே, யார் பசி என்று வந்தாலும் தன் தட்டைத் தள்ளிவிடுகிறவள்... சீ, என்ன புத்தி இது, எதை எதோடு கோக்கிறது. அந்த வைரஸ் இருக்கிறதென்று டெஸ்டில் வந்ததிலிருந்து அக்காவுக்கு ஒரே கேள்வி, காலையில்கூடப் போனில் கேட்டாள், "எப்படிடீ வந்துச்சு எனக்கு? உங்க மாமாவாலயா?" மாமாவைப் பற்றி இவள் என்ன சொல்ல, "எல்லாருக்கும் வர்ற வைரஸ்தான்க்கா, எப்பவோ வந்திருக்கும், முக்கால்வாசிப் பேருக்குத் தானா போயிடும்" என்றாள். "அப்ப எனக்கு மட்டும் ஏன்டீ போகல?" பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்தாள், பஸ் வரவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

இவ்வளவு கிளைகளைப் பார்த்துவிட்டு அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது, அந்த ரெண்டு பிள்ளைகளிடம் யார் சொல்வது... கை பட்டுத் தகடு நகர்ந்தது, கண்ணாடியில் கீறிய கோடு குறுக்கே வந்தது. கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம். ஐயோ, இது அக்கா இல்லை. சாயம் சரியாகப் பிடித்ததா என்று தெரிந்துகொள்ள எல்லாத் தகட்டிலும் ஓரத்தில் ஒட்டுவார்களே, குழாய் மண்டிக் கிடப்பது முன்பே தெரிந்த பழைய புற்றுத் துண்டு, அது. காலையில் அவளே கீறி அவளே ஒட்டியது, தினம் செய்கிற வேலையில் போய் ஏமாந்தாளே. சிரிப்பு வந்தது, உடம்பே லேசாகிவிட்டது, அப்பாடா, அக்கா இல்லை, வேறு யாரோ, வேறு யாரோதான்... யார்? அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தப் பழைய சதையைப் பதித்த மெழுகுக் கட்டியைத்தான் சீவிக்கொண்டே இருக்கிறார்கள், அதன் மேல் எழுதியிருந்த நம்பர்கூட அழிந்துவிட்டது. அந்தச் சதைக்குச் சொந்தக்காரியும் யாரிடமாவது கேட்டிருப்பாளோ, எப்படி வந்துச்சு எனக்கு என்று? இருக்கிறாளா, இல்லையா? இத்தனை நாளில் ஒருமுறைகூட இதைக் கேட்கத் தோன்றியதில்லை, நிறம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்படுவதோடு சரி, இப்போதும் சந்தோஷம்தான் பட்டாள்... வராந்தாவில் டாக்டரின் செருப்புச் சத்தம். இனிமேல்தான் பார்க்க வேண்டும், தகட்டை இன்னும் கொஞ்சம் தள்ளினால் போதும், விரல் தள்ளமாட்டேன் என்கிறது. வேறு யாரோவாக இருக்கட்டும், வேறு யாரோவாக இருக்கட்டும் என்று மனசு மறுபடியும் வேண்டிக்கொண்டது, ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் அக்கா மட்டும்தான் இருந்தாள்.