தார் பூசிய துத்தநாகம்

கந்தப்பனுக்குத் துரு என்றால் ஆகாது. மாமியாரைக்கூட மன்னித்துவிடுவான், துருவை மாட்டான். ஓமலூர் வண்டிப்பட்டறையில் அடிவாங்கி வளர்ந்தவனை, மேட்டூர் அணைத் தண்ணீரில் ஆட்களை அக்கரை சேர்க்கும் மோட்டார் படகுக்குப் பராமரிப்பு ஆளாக வைத்ததே அந்தக் குணத்துக்காகத்தான்.

படகை இறக்க வந்த மெட்ராஸ் மெக்கானிக் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். படகுக்கடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறி வெண்கலம். சுக்கானைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இரும்பு. இரண்டும் ஒரே தண்ணீரில் கிடந்தால் இரும்புக்குத்தான் கேடு. அதனால் பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டி. தண்ணீர் அதைத் தின்றுவிட்டு இரும்பை விட்டுவிடும். தேய்ந்தால் புதுசு மாட்டு, வேறெதுவும் செய்யாதே என்றார். கந்தப்பனும் எல்லாம் புரிந்தவன்போலத் தலையாட்டினான்.

ஆயுத பூஜைக்குப் படகைக் கரையேற்றியபோது கட்டி கரையான் அரித்த மாதிரி இருந்தது. நல்ல நாளில் ஒரு சாமானை அந்தக் கோலத்தில் வைத்துப் பொட்டு வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. புதுக்கட்டி மாட்டினான். இதாவது பிழைக்கட்டும் என்று சுற்றிலும் இரண்டு கை தார் பூசி, காய்ந்ததும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டான்.

அடுத்த ஆடிக்காற்றில், நடு ஏரியில் சுக்கான் கழன்று விழுந்தது. படகு பாறையில் மோதியது. படகோட்டி சின்னண்ணன் பயணிகள் பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பாறைமேல் ஏற்றிவிட்டார். அவர் ஏறவில்லை.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் செத்தவர் வாயில் சாராயம் ஊற்ற ஊராருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. போதையில் படகைப் பாறையில் விட்டார் என்றார்கள். குடிகாரன் கருமாதிக்கு வரமாட்டோம் என்று பங்காளிகளும் சொல்லிவிட்டார்கள்.

உடைந்த படகை இழுத்துப் போட்டபோது கந்தப்பன் குனிந்து பார்த்தான். தாருக்குள் தண்ணீர் படாமல் கட்டி புதுமாப்பிள்ளை மாதிரி முழுசாக இருந்தது. ஒடிந்தது போக மிச்சமிருந்த போல்ட்டு, விரல் பட்டதும் தட்டுவடையாக நொறுங்கியது.

நாலாம் நாள் சின்னண்ணன் சம்சாரம் பெரியநாயகியிடம் போனான்.

"அக்கா, அண்ணன் குடிக்கலீங்க. அன்னிக்குக் காத்தால கூட நின்னு படகைத் தள்ளிவிட்டதே நாந்தான். கட்டிக்குத் தாரைப் பூசி நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

துத்தநாகத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தான். அவள் அதைக் கேட்கவேயில்லை.

"குடிக்கலையா சாமி?"

"சொட்டுக்கூட இல்லீங்க்கா."

அவள் உட்கார்ந்து அழுதாள். விளக்குமாற்றடிக்கு மனசைத் தயார் செய்துகொண்டு வந்தவனுக்கு இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண? பங்காளிக ஊட்டுக்கு வா. அங்க சொல்லு."

மூத்த பங்காளி மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு மற்ற வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். கந்தப்பன் தார் பூசியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான்.

பெரியவர் கையிலிருந்த தட்டை மாட்டின்முன் போட்டுவிட்டுப் பெரியநாயகியைப் பார்த்தார்.

"கருமாதி என்னிக்கு அம்மிணி?"

வெள்ளிக்கிழமை என்றாள். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கந்தப்பனை யாரும் உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.