கழுதைக்காரன் கூப்பிடவில்லை

கோட்டாற்றில் சொன்ன விலைக்குச் சேலை வாங்கியவள் இதுவரை பிறக்கவில்லை. விலையைக் கேட்டதும் மூக்கில் விரலை வைப்பாள். பாதிக்குக் கேட்பாள். சேலைக்கடை சுயம்பு சிரிப்பார். அவள் பையை எடுத்துக்கொண்டு கடைப்படி இறங்குவாள். வியாபாரம் தொடங்குவதே அங்கேதான். சுயம்பு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அவள் கால் ரோட்டைத் தொடுவதற்கு ஒரு மூச்சு முன்னால், "அக்கோ, வாங்க! உங்களுக்காச்சு, எனக்காச்சு" என்று குரல் கொடுப்பார். முந்திக் கூப்பிட்டால் நட்டம் அவருக்கு. பிந்தினால் லாபம் எதிர்க்கடைக்கு. இறங்குகிறவளும் திரும்பிப் பார்க்கமாட்டாள். பார்த்தால் சேலை மேல் ஆசை இருப்பது அம்பலமாகிவிடும்.

இந்த ஆட்டத்தை உலகம் முழுக்க ஆடுகிறார்கள் என்றுதான் சுயம்பு நம்பியிருந்தார். சரக்கெடுக்கப் போன சூரத்தில் ஆடினார்கள். மச்சினனைப் பார்க்கப் போன துபாயில் ஆடினார்கள். பெரு தேசத்து மலையில் மட்டும் ஆடமாட்டார்கள் என்று அவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

பெருவில் இருந்தது அவருடைய ஒரே மகள் நந்தனா. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணப் பேச்சை எடுத்ததும் நீண்ட லீவு போட்டு, முதுகில் ஒரு மூட்டையை மாட்டிக்கொண்டு தேசாந்திரம் கிளம்பிவிட்டாள். "மூட்டை தூக்கவா அவ்வளவு தூரம் போற மக்கா? நம்ம கடையில இல்லாத மூட்டையா?" என்று கேட்டுப் பார்த்தார். எடுபடவில்லை.

அன்று கடையில் விளக்கு வைத்த நேரம். அங்கே விடிந்திருந்தது. போன் திரையில் மகளின் முகமும், அதன் பின்னால் மதில் மாதிரி செங்குத்தாக ஒரு மலையும் தெரிந்தன.

"அப்பா, கால் முட்டு வீங்கிட்டு. நேத்து பூரா எறக்கம், ஆத்து வரைக்கும். இனி மேல ஏறணும். ஏறினாத்தான் அந்தப் பழைய ராசாக்க கட்டின கல்லுப் பட்டணம்."

"இடிஞ்சு போனதுன்னு சொன்னியே?"

"ஆமா, இடிஞ்சதுதான்."

"இடிஞ்ச கட்டடத்தப் பாக்கவா முட்டு வீங்கணும்? இங்க நம்ம பழைய கோடவுன் கெடக்கு."

"விளையாடாதீங்கப்பா. இங்க ஒருத்தர் கோவேறு கழுதை வச்சிருக்காரு. மேல கொண்டு விடுவாராம்." விலையைச் சொன்னாள். "குடுத்துட்டு ஏறிப் போயிருதேன்."

சுயம்புவுக்குப் பணம் பெரிதில்லை, மகள் கேட்டால் கழுதையையே வாங்கிக் கொடுப்பார். ஆனால் கேட்ட விலையைக் கொடுப்பதா? கோட்டாற்றுக்காரன் பிள்ளையா?

"பாதிக்குக் கேளு. இல்லன்னா நடையக் கட்டு. திரும்பிப் பாக்கக்கூடாது. பின்னாலேயே கூப்பிடுவான்."

"முட்டு வலிக்குப்பா."

"பத்தடிதான் மக்கா. அதுக்குள்ள கூப்பிடுவான்."

கேட்டாள். தொப்பி வைத்த அந்த மனிதர் ஏதோ பணிவாகச் சொன்னார். நந்தனா நடந்தாள். போன் கையில் ஆடியதில் கல்லும் புல்லும் அவள் செருப்பும் மாறிமாறித் தெரிந்தன.

"கூப்பிட்டானா?"

"இல்ல."

"வளைவு வரைக்கும் போ. கல்லுளிமங்கன், அழுத்தக்காரன். நானும் இப்படித்தான் இருப்பேன்."

வளைவு வந்தது. கழுதைக்காரன் கூப்பிடவில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் சாமான்களைக் கழுதைமேல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, போய்வா தாயே என்பதுபோல் கையசைத்தார். வேண்டாம் என்று நடந்துபோனவளை வேண்டாம் என்று சொன்னவளாகவே எடுத்துக்கொண்டுவிட்டார், பாவி மனுசர்.

"அப்பா, வேற கழுதையே இல்ல... என்னால கால ஊனவும்..." என்றாள் நந்தனா. திரையில் வாய் மட்டும் அசைந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

சுயம்பு திரும்பக் கூப்பிட்டார். ஒரு பெண் குரல் தெரியாத பாஷையில் ஒரே வாக்கியத்தைச் சொன்னது. மறுபடி கூப்பிட்டார், அதே வாக்கியம். அவளிடம் விலை பேச வழியில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் நீலப் பட்டுச்சேலையைப் பாதிக்குக் கேட்டு எழுந்தாள். அவள் முதல் படியில்கூடக் கால் வைத்திருக்கமாட்டாள். "அம்மா போகாதீங்க! நீங்க சொன்னதே இருக்கட்டு, எடுத்துட்டுப் போங்க!" என்று சுயம்பு அலறிவிட்டார். அந்த அம்மாள் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாயம் போகுமோ, உள்ளே கிழிசலோ என்று சந்தேகம். "வேண்டாம் அண்ணாச்சி, பெறவு வாறேன்" என்று மெய்யாகவே போய்விட்டாள்.

பக்கத்துக் குடைக்கடை ரசலையன் எட்டிப் பார்த்தார். "என்னவே சுயம்பு, கடைய ஏலம் விடுதீரா?"

வீட்டுக்குப் போய் மனைவி சொர்ணம்மாளிடம் சொன்னார். பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொன்னார். கால்நூற்றாண்டு அவரோடு குப்பை கொட்டியவளுக்கு விழுங்கிய பாதிதான் முதலில் தெரிந்தது.

"நடக்கச் சொன்னது நீங்களா?"

"பத்தடிதான் சொன்னேன்."

"மலையில, வீங்கின காலோட. அவ கால்லயும் டிஸ்கவுண்ட் கேட்டிருக்கீங்க." சாமி விளக்கின் முன்னால் போய் உட்கார்ந்தவள், "அய்யா, நீருதான் தொணை" என்றாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

மறுநாள் கடையைத் திறந்தார். வேறு என்ன செய்யத் தெரியும்? பெருவுக்கு எப்படிப் போவது, யாரைக் கேட்பது, அந்த மலைக்குப் போலீஸ் உண்டா? டிராவல்ஸ்காரனிடம் கேட்டால், விசாவுக்கே பல நாள் ஆகும் என்றான். மலை ஏறுகிற பிள்ளையை மலைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சுயம்பு கல்லாவில் உட்கார்ந்து போனைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

மறுபடி விளக்கு வைத்த நேரம் போன் அடித்தது.

"அப்பா! நல்லாத்தான் இருக்கேன். கொஞ்ச தூரம் தவழ்ந்து போனேன். பாதி மலையில ஒரு குடிசை, அந்த வீட்டக்கா சூப்பு குடுத்தாவ. முட்டு தேங்கா மாதிரி இருக்கு. மேலயும் போக முடியல, கீழயும் முடியல."

சுயம்பு போனை முகத்தருகே இழுத்தார். "கழுதை..." என்றார்.

"இப்ப ஒருத்தன் வந்திருக்கான். வேற ஆளு."

"கேட்டதக் குடு! கூடவும் குடு! மேல ஒண்ணும் பாக்காண்டாம், கீழ எறங்கி வந்துரு மக்கா."

"நீங்க பேசாம இருங்கப்பா."

திரையில் சிவப்புக் கம்பளி போர்த்திய கழுதையும், வெற்றிலை போடுகிறவன்போல் எதையோ மென்றுகொண்டிருந்த ஓர் ஆளும் தெரிந்தார்கள். நந்தனா ஏதோ கேட்டாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு சுயம்புவுக்குத் தெரியும். அது அவருடைய சிரிப்பு.

திரை ஆடத் தொடங்கியது. கல், புல், செருப்பு. ஒற்றைக்கால் நொண்டல்.

"ஏட்டி, எங்க போற? நில்லுட்டி!" எழுந்து நின்று கத்தினார். பிறகு மகளை விட்டுவிட்டு, கடல்களுக்கு அப்பால் நின்ற அந்த ஆளிடமே, வாழ்நாளெல்லாம் பழகிய குரலில் மன்றாடினார்: "அண்ணாச்சி, கூப்பிடுங்க! அவளக் கூப்பிடுங்க! உங்களுக்காச்சு, எனக்காச்சு!"

கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ரசலையன் ஓடி வந்தார்.

"சும்மா இருங்கப்பா," போனில் மகள் மூச்சு வாங்கக் கிசுகிசுத்தாள். "இவன் மொகத்தப் பாத்தாலே தெரியுது. கூப்பிடுவான். இப்பத் திரும்பிப் பாக்கக்கூடாது."

படம் அப்படியே உறைந்து நின்றது. ஒரு செருப்பு தரையில், ஒன்று காற்றில்.