வீட்டுக்கு வந்த வைரஸ்

ஹில்டா ஈப்போவில் ஓர் ஆய்வகத்தில், குழந்தைகளுக்குக் கை, கால், வாய் நோயைத் தரும் வைரஸ் ஒன்றை ஆராய்ந்துவந்தாள். செல்லின் புரதங்களைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் சோதனையில் அன்று காலை வந்த படத்தில், வைரஸ் புகுந்த ஆறு மணி நேரத்துக்குள் செல் தனக்காகச் செய்யும் புரதங்களின் கோடுகள் ஏறக்குறைய மறைந்திருந்தன. செல் தன் கட்டளைகளைப் படிக்கத் தேவையான ஒரு புரதத்தை வைரஸ் வெட்டிவிடுகிறது. அதன்பின் செல்லின் புரதத் தயாரிப்பு முழுக்க வைரஸுக்கே போய்விடுகிறது. மூன்று மாத உழைப்பு பலித்த மகிழ்ச்சியில் இருந்தபோதுதான் கணவன் கோலின் அழைத்தான்.

“ஜானிஸுக்குக் காய்ச்சல்லா. வாயெல்லாம் புண்ணு, உள்ளங்கையிலயும் சிவப்பு சிவப்பா இருக்கு. கிளினிக்ல மருந்து குடுத்தாங்க.”

கோப்பெங்கில், ரப்பர் மரங்களை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் அவர்கள் வீடு. ஹில்டா போய்ச் சேர்ந்தபோது இரண்டு வயது ஜானிஸ் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் உடம்பு தூக்கிப்போட்டது. சற்று நேரத்தில் மறுபடியும்.

“கோலின், வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“இப்பதானே மருந்து குடுத்தேன்?”

“உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது, பாருங்க. சில வைரஸ் மூளைக்குப் போயிரும்.”

காரில் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு கேட்டாள்: “நான்தான் கொண்டாந்துட்டேனோ?”

சிம்பாங் பூலாய் சிக்னலில் கோலின் வண்டியை நிறுத்தினான். பிறகு, “நீ கையுறை, கோட்டு எல்லாம் போடுறதானே?” என்றான்.

“போடுறேன். ஒரு நாள் கவனிக்காம விட்டிருந்தா?”

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷர்மினி குழந்தையின் கழுத்தையும் முழங்காலையும் சோதித்தார். தொண்டையிலிருந்து மாதிரி எடுத்தார். “ரெண்டு நாள் வார்டுல வெச்சுப் பார்ப்போம்மா. இப்போதைக்கு எதையும் உறுதியாச் சொல்ல முடியாது.”

அந்த இரண்டு நாளும் ஹில்டாவின் மனதில் ஒரே எண்ணம்: இவளுடைய எந்தச் செல்லில் இப்போது எந்தக் கோடு மறைகிறது? குழந்தையின் கால் அசைந்தாலே எழுந்து நின்றாள். இரண்டாம் நாள் மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. தூக்கிப்போடுவதும் நின்றது. ஜானிஸ் குடிக்க மைலோ கேட்டு அழுதாள்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. அது வேறு வகை வைரஸ். ஹில்டாவின் ஆய்வகத்தில் அது இல்லவே இல்லை. ஜானிஸ் போகும் குழந்தைகள் காப்பகத்தில் இன்னும் நாலு பேருக்கு அதே நோய்.

“பார்த்தியா? உன் மேல தப்பில்ல,” என்றான் கோலின்.

ஹில்டா தலையாட்டினாள். தன் கையால் தொற்றிவிடுமோ என்று பயந்து அந்த வாரம் முழுக்கக் குழந்தைக்கு அவனையே ஊட்டச் சொல்லியிருந்தவள், எழுந்துபோய்ச் சோற்றைக் குழையப் பிசைந்தாள். முதல் வாயைத் தன் கையாலேயே ஜானிஸுக்கு ஊட்டினாள்.