செர்காம் சேறு

செர்காம் கரையோரச் சதுப்புக் காட்டில் குழாய்களில் எடுத்த சேற்றை ராகினி மறுபடியும் அளந்தபோது, எண்கள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. அதே குழாய்கள், அதே கருவி. போன வருடம் எடுத்த கையோடு அளந்தபோது சேற்றில் காந்தத்தன்மை பலமாக இருந்தது. அதை நம்பித்தான் முனைவர் பட்ட ஆய்வில் பாதியை எழுதி முடித்திருந்தாள். கருவியைச் சரிபார்த்தாள். அதில் கோளாறு இல்லை.

அன்று முழுக்க அவளுக்கு அதே நினைப்புதான். முதல் எண்களை இவளே இட்டுக்கட்டிவிட்டாள் என்றுதானே பேசுவார்கள்? புதிய அளவுகளை அழித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மறுநாள் காலை இரண்டு அளவுகளையும் எடுத்துக்கொண்டு நேரே ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் விஜயராணியின் அறைக்குப் போனாள்.

அவர் எண்களை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். "உன்ன நான் சந்தேகப்படல. ஆனா ஏன் குறைஞ்சிச்சுன்னு நாம சொல்லணும்லா. குழாயெல்லாம் எங்க வச்சிருந்த?"

"ஸ்டோர் ரூம் அலமாரியில, டாக்டர். கோல்ட் ரூம்ல இடமில்லன்னாங்க."

ராகினி ஆய்வுக்கூடத்துக்குப் போய் ஒரு குழாயைப் பிளந்தாள். எடுத்த அன்று கன்னங்கரேலென்று அழுகிய முட்டை நாற்றமடித்த சேறு, இப்போது ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. நாற்றமும் போயிருந்தது. காற்று புகுந்து, இரும்பும் கந்தகமும் சேர்ந்த காந்தத் தாதுவைக் காந்தத்தன்மை குறைந்த துருவாக்கியிருக்க வேண்டும். ஆனால் அதை நிரூபித்தாக வேண்டும்.

புதிதாகச் சேறு எடுத்து உடனே உறைய வைக்க வேண்டும். பல்கலைக்கழகம் இருக்கும் கோலாலம்பூர் போய்ச் சேருவதற்குள் காருக்குள் சேறு சூடேறிவிடும். செர்காமுக்குப் பக்கத்தில் உம்பாயில்தான் அக்கா பவானேஸ்வரி மீன் கடை வைத்திருந்தாள்.

"மீன் வைக்கிற இடத்துல சேறா? கஸ்டமர் பாத்தா கடைய மூட வேண்டியதுதான்."

"பின்னால ஒரு பழைய ஃப்ரீசர் சும்மாதானேக்கா இருக்கு?"

"அது ஓயாம உறுமும்டி."

"உறுமட்டும்க்கா, குளுந்தா போதும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃப்ரீசரை அவளே கழுவித் துடைத்துக் கொடுத்தாள்.

ராகினி பழைய இடத்திலேயே சேறு எடுத்து, கரையிலேயே அளந்தாள். பாதிக் குழாய்களைக் காற்றுப் புகாமல் கட்டி அக்காவின் ஃப்ரீசரில் வைத்தாள். மீதியை ஸ்டோர் ரூம் அலமாரியில் முன்போலவே வைத்தாள்.

மாதங்கள் ஓடி, தீபாவளியும் கழிந்து சில வாரங்களில், மீன் பெட்டியில் ஐஸ் நிரப்பி, உறைந்த குழாய்களை அக்காவே காரில் கொண்டுவந்து சேர்த்தாள். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தும் விட்டாள். ராகினி முதலில் அலமாரிக் குழாய்களை அளந்தாள். எண்கள் விழுந்திருந்தன. பிறகு உறைந்தவற்றை ஒவ்வொன்றாக வைத்தாள். கரையில் பார்த்த அளவு ஏறக்குறைய அப்படியே வந்தது.

"இது நல்லதா, கெட்டதா?" என்று அக்கா கேட்டாள்.

"நல்லதுக்கா. நான் மொதல்ல அளந்தது சரிதான்."

ராகினி எண்களைக் குறிப்பேட்டில் எழுதினாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த விஜயராணி அவள் தோளில் கை வைத்தார்.

"வச்சிருக்கிற விதத்துல சேறு எப்படி மாறுதுன்னு தனியா ஒரு கட்டுரை எழுது. இங்க அலமாரியில நம்ம பிள்ளைங்க குழாய் இன்னும் எத்தனையோ கிடக்கு. கோல்ட் ரூம்ல இடத்துக்கு நான் பேசுறேன்."

அக்கா எழுந்து, பழுப்பேறிய சேற்றையும் கறுப்புச் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடுத்த தடவ எடுக்கப் போறப்ப சொல்லு," என்றாள். "நானும் வர்றேன்."