நெற்றியில் வெள்ளை உள்ள கிடேரி

மருமகள் வந்த அக்டோபரிலிருந்துதான் அனார்கானுக்கு உடம்பு கெட ஆரம்பித்தது. மகன் கல்யாணம் முடிந்ததும் வெளியூர் வேலைக்குத் திரும்பிவிட்டான். மருமகள் பெர்மெத்தின் மேல் யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. விடியும் முன் எழுந்து அடுப்பு மூட்டினாள், நான்கு மாடுகளையும் கறந்தாள், தண்ணீர் கொண்டுவந்தாள், ரொட்டி சுட்டாள். மாமியார் கண்ணைத் திறக்கும்போது தேநீரோடு தலைமாட்டில் நின்றாள். இருபத்தெட்டு வருஷமாக இத்தனையையும் ஒற்றை ஆளாகச் செய்து வந்தவள் அனார்கான். இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கதவுக்கு நேரெதிரே, மேல்கோடியில் போட்ட மெத்தையில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட வேண்டும்.

ஜில்கின்டி என்ற அந்த மலையூரில் அதற்குப் பெயர் மரியாதை. மருமகள் உள்ள வீட்டில் மாமியார் வாளியைத் தொட்டால் இருவருக்கும் கெட்ட பெயர். ஒருநாள் கை சும்மா இருக்கமாட்டாமல் அனார்கான் மாவு பிசைய உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் நான்கு பேர் வந்து, பெர்மெத்துக்கு உடம்பு சரியில்லையா, இல்லை அவளுக்கு வேலையே தெரியாதா என்று விசாரித்தார்கள். பெர்மெத் மாட்டுக்கொட்டகையில் போய் அழுதாள். அனார்கான் மாவை அப்படியே விட்டுவிட்டு மேல்கோடிக்குத் திரும்பினாள்.

ஏப்ரலுக்குள் ஒன்பது கிலோ ஏறியது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. திடீர் திடீரென்று உடம்பு தீப்பிடித்ததுபோல் எரியும். ஜனவரிக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்தாள். கணவன் காதிர் ஆட்டுத்தோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு தூங்கப் பழகிக்கொண்டான். வீட்டு வாசலில் மூன்றே படிகள். சுவரைப் பிடிக்காமல் அனார்கானால் அவற்றில் ஏற முடியவில்லை.

ஊர் மருந்தகத்தில் ராபியா என்ற நர்ஸ் இருந்தாள். யாருக்காகவும் குரலைக் குழைக்காதவள். அனார்கானின் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அழுத்தி, முள்ளைப் பார்த்தாள்.

"நூத்தி அறுபத்தஞ்சுக்கு நூறு. என்ன வேலை பாக்கறீங்கக்கா?"

"உக்காந்திருக்கேன்."

"அத மொதல்ல நிறுத்துங்க. இந்த மாத்திரைய தெனம் போடுங்க. ஆட்டு வால்கொழுப்ப நிறுத்துங்க. தெனம் ஒரு மணி நேரம் நடங்க. சமதரையில இல்ல, மேட்டுல. மூச்சு வாங்கணும்."

"மருமகளுக்குக் கெட்ட பேர் வரும்."

"உங்கம்மா எந்த வயசுல போனாங்க?"

ராபியாவுக்குத் தெரிந்த விஷயம்தான், ஊருக்கே தெரியும். அவள் அம்மா மேல்கோடியில் உட்கார்ந்தபடி, தேநீர்க் கிண்ணம் கையில் இருக்க, தலையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்தாள். எவ்வளவு நல்ல சாவு, ஒரு துரும்பைக் கூடத் தூக்கவிடாமல் மருமகள்கள் பார்த்துக்கொண்டார்கள் என்று ஊர் புகழ்ந்தது. அனார்கானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அப்போது வயது ஐம்பத்துநான்கு. மருந்தகத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்தக் கணக்கு அவளுக்கு உறைத்தது. இன்னும் இரண்டே வருஷம்.

மறுநாளே நடக்கக் கிளம்பினாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் மெலிஸின் ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. மெலிஸ் ஊரில் எல்லாருக்கும் வண்டி ஓட்டுபவன். எல்லாருடைய சமாச்சாரத்தையும் ஏற்றி இறக்குபவனும் அவன்தான்.

"எங்க போறீங்க அக்கா? ஏறுங்க."

"சும்மா நடக்கறேன்."

மெலிஸ் இன்ஜினை அணைத்தான். "யாரு செத்தாங்க?"

"யாரும் சாகல."

"அப்ப வீட்ல சண்டையா?"

வெள்ளைத் தலைத்துணி கட்டிய குடும்பப் பெண், கையில் பை இல்லாமல், ஒரு வேலையும் இல்லாமல் மலைப்பக்கம் நடக்கிறாள் என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? அன்று மாலையே நாத்தனார் ஜூரா வந்து நின்றாள். காதிரின் அக்கா, அறுபத்தொரு வயது, முழங்கால் மடங்காது, நாக்கு நன்றாக மடங்கும்.

"உம் மருமக உன்ன வீட்ட விட்டுத் தொரத்திட்டாளாமே" என்றாள். பெர்மெத் அதே அறையில்தான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த ராத்திரி முழுக்க அனார்கான் யோசித்தாள். ஜில்கின்டியில் ஒரு பெண் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும், எந்தப் பள்ளத்தில் வேண்டுமானாலும், யாரும் ஏனென்று கேட்காமல் நடப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. மறுநாள் ஒரு கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஜீப் வந்து நின்றதும் முந்திக்கொண்டு சொன்னாள்.

"கிடேரியக் காணோம்."

மெலிஸின் முகம் மாறியது. "என்ன நெறம்?"

"செவல. நெத்தியில வெள்ளை."

"ஐயோ. ஓடைப் பக்கம் பாத்தீங்களா? வண்டி அங்க போகாதே."

"அதான் நடக்கறேன்" என்றாள் அனார்கான்.

அன்றிலிருந்து அவளை யாரும் தடுக்கவில்லை. தினமும் காலையில் தேநீர் முடிந்ததும் கயிறும் கையுமாகக் கிளம்பினாள். ஓடையோரம் மேலேறி, கல்லறை மேடு வரை போய், சுற்றிக்கொண்டு வந்தாள். முதல் வாரம் கல்லறை மேட்டுக்கு நாலு இடத்தில் உட்கார்ந்து போனாள். மூன்றாம் வாரம் ஒரே மூச்சில் போனாள். ஜன்னலை மூடினாலும் தூக்கம் வந்தது. காதிர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கிடேரியைப் பற்றி யாராவது விசாரித்தால், தேடுகிறாள் என்று மட்டும் சொன்னான். ராபியா முள்ளைப் பார்த்துவிட்டு, "நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறு. கிடேரி கெடச்சுதா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"தேடுங்க."

ஊரும் தன் கடமையைச் செய்தது. மேய்ச்சலுக்குப் போனவர்கள் வழியெல்லாம் பார்த்தார்கள். ஒருவன் செவலைக் காளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்றான். இன்னொருவன் பக்கத்து ஊர்க் கசாப்புக்காரன்மேல் சந்தேகப்பட்டான். அனார்கான் எல்லாருக்கும் நன்றி சொன்னாள். பொய் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் யோசிக்க மறந்தது ஒன்றே ஒன்று. மாடு காணாமல் போனால், அதைத் தொலைத்தவர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். சாயங்காலம் மாட்டை ஓட்டி வந்து, எண்ணி, கொட்டகைக் கதவைச் சாத்துவது யார் வேலை என்று ஜில்கின்டியில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஜூன் மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கால்கட்டு அறுக்கும் விருந்து. குழந்தை நடக்க ஆரம்பித்ததும், அதன் இரண்டு காலையும் நூலால் சேர்த்துக் கட்டி, விருந்தில் நடக்கும் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவர் கையால் அறுக்கச் சொல்வார்கள். குழந்தை மூன்றடி நடந்து குப்புற விழுந்தது. நாற்பது பெண்கள் கைதட்டினார்கள், இரண்டு பேர் அழுதார்கள். ஒரு வயதில் நடந்தால் விருந்து. ஐம்பத்திரண்டு வயதில் நடக்க மாடு தொலைய வேண்டியிருக்கிறது. அனார்கானுக்கு எரிச்சலாக இருந்தது. அதற்குள் அவளை மேல்கோடியில் உட்கார்த்தி, வால்கொழுப்பில் பெரிய துண்டாகப் பார்த்து அவள் முன்னால் வைத்தார்கள்.

பெர்மெத் கதவோரம் தண்ணீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜூரா தன் கிண்ணத்தை நீட்டினாள். பெர்மெத் வாங்க வந்ததும் கிண்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நாலு மாசத்துச் சினைக் கிடேரின்னு ஊரெல்லாம் பேச்சு. ஒம் மாமியா இந்த வயசுல பள்ளம் பள்ளமா எறங்கித் தேடறா. நீ இங்க உக்காந்து தேத்தண்ணி ஊத்தற. அன்னிக்குக் கொட்டகைக் கதவைச் சாத்துனியா இல்லியா?"

கிடேரி எப்போது சினையானது என்று அனார்கானுக்கே தெரியாது. அவள் பெர்மெத்தைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் ராத்திரி கொட்டகையில் நான்கு மாட்டை எண்ணுபவள் பெர்மெத். அப்படி ஒரு கிடேரி பிறக்கவே இல்லை என்று அந்த விருந்தில் அனார்கானைத் தவிர நிச்சயமாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெர்மெத் தலையைக் குனிந்துகொண்டாள். "சாத்தல பெரியம்மா. என் தப்புதான்."

அனார்கான் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். எதையும் பிடிக்காமல் எழுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"கிடேரி தொலையல" என்றாள். "கிடேரின்னு ஒண்ணு கெடையவே கெடையாது. நான் பொய் சொன்னேன். எனக்கு ரத்தக்கொதிப்பு, நடக்கச் சொன்னாங்க. நடக்க விடமாட்டேங்கறீங்க. எங்கம்மா மாதிரி கிண்ணத்தக் கையில வெச்சுகிட்டுச் சாகறதுக்கு எனக்குப் பயமா இருக்கு. அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி."

ஜூரா தலைத்துணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களாடி" என்றாள் நாற்பது பேரிடமும். "மருமகளக் காப்பாத்தறதுக்குத் தொலைஞ்ச மாட்டையே இல்லேங்கறா. இப்படி ஒரு மாமியா எங்க கெடைப்பா?"

"அண்ணி, நான் நெசமாத்தான் சொல்றேன். கொட்டகையில வந்து எண்ணிப் பாருங்க. நாலுதான் இருக்கு. எப்பவுமே நாலுதான்."

"நாலுதான் இருக்கும். அஞ்சாவதுதான் தொலைஞ்சுபோச்சே."

பெண்கள் அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். இன்னொரு துண்டு கொழுப்பு வந்தது. ஜூரா பெர்மெத்தைப் பக்கத்தில் இழுத்து நெற்றியில் முத்தமிட்டு, "அழாத. கதவு யாருக்கும்தான் மறக்கும். நாளைக்கு நானும் வர்றேன் தேட" என்றாள். இன்னும் மூன்று பேர் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள்.

வீடு திரும்பும்போது அனார்கான் பெர்மெத்திடம் கேட்டாள்.

"ஏண்டி அப்படிச் சொன்ன? உனக்குத் தெரியுமே."

"மொத நாளே தெரியும்மா."

"அப்புறம்?"

"குளிர்காலத்துல வாசப்படியில சொவரப் புடிச்சுகிட்டு ஏறுவீங்க" என்றாள் பெர்மெத். "இப்பப் புடிக்கறதில்ல. ஒரு கதவச் சாத்தலேன்னு பேர் வந்தா வரட்டும்மா."

இந்தப் பெண் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒருநாள்கூட அவளை மகளே என்று கூப்பிட்டதில்லை என்பது அனார்கானுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கூப்பிட வாயெடுத்தாள், வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் இருவரும் கையை விடாமல் மூன்று படியும் ஏறினார்கள்.

மறுநாள் காலை ஜூரா ரப்பர் செருப்பும் ஊன்றுகோலுமாக வந்து நின்றாள். கூட மூன்று பேர், எல்லாருமே மருமகள் எடுத்தவர்கள், எல்லாருமே மேல்கோடியில் உட்கார்ந்து பருத்தவர்கள். ஓடை திரும்புவதற்குள் ஜூரா ஐந்து இடத்தில் உட்கார்ந்தாள். ஐந்து இடத்திலும் கிடேரியைத் திட்டினாள். அதன் தாயையும் திட்டினாள். வீட்டுக்குப் போய்க் கால்களைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டாள். மறுநாள் மறுபடி வந்தாள். ஜூலை முடிவதற்குள் ஏழு பேர் ஆனார்கள். ஆளுக்கொரு கயிறு. ராபியா மருந்தகத்தில் கையில் சுற்றும் பட்டை புதுசாக ஒன்று வாங்கி வைத்தாள், பழையது தேய்ந்துவிட்டதாம்.

ஆகஸ்டில் ஒருநாள் அவர்கள் கல்லறை மேட்டில் மூச்சு வாங்க நின்றிருந்தபோது, மெலிஸ் குதிரையில் வந்தான். பின்னால் கயிற்றில் ஒரு கிடேரி. செவலை. நெற்றியில் வெள்ளை. வயிறுகூடக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கெடச்சுருச்சு அக்கா. கணவாய்க்கு அந்தப் பக்கம் தனியா மேஞ்சுகிட்டிருந்துச்சு. ரெண்டு நாளா அலைஞ்சேன்" என்றான். அவன் முகமெல்லாம் வியர்வை, பெருமை.

அனார்கான் ஆமாம் என்றால் யாரோ ஒருவருடைய மாட்டைத் திருடினவள் ஆவாள், நாளையிலிருந்து மேல்கோடி. இல்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள், இதைவிடப் பொருத்தமாக ஒரு மாட்டை இனி யார் கொண்டுவந்து தர முடியும்? மற்ற ஐந்து பெண்களும் கிடேரியைப் பார்க்கவில்லை, ஜூராவைப் பார்த்தார்கள்.

ஜூரா முன்னால் வந்தாள். கிடேரியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். காதைத் தூக்கினாள், வாலைத் தூக்கினாள், நெற்றியைத் தடவினாள்.

"இது இல்ல" என்றாள்.

"பெரியம்மா, செவல, நெத்தியில வெள்ளை..."

"எங்களதுக்கு வெள்ளை இன்னும் கொஞ்சம் எடது பக்கம் இருக்கும். அது பொறந்ததிலேருந்து நான் பாத்த கிடேரி, எனக்குத் தெரியாதா? புடிச்ச எடத்துலயே கொண்டுபோய் விட்டுட்டு வா. யாரு வீட்டு மாடோ, பாவம்."

மற்ற பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி, கொம்பும் இவ்வளவு நேராக இருக்காது என்றாள். மெலிஸ் வெகுநேரம் கிடேரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குதிரையைத் திருப்பினான்.

அவன் இறங்கி மறைந்ததும் ஜூரா அனார்கானின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"பனி விழற வரைக்கும் அது கெடைக்காம பாத்துக்க. இப்பத்தான் என் முட்டி மடங்க ஆரம்பிச்சிருக்கு."

ஊன்றுகோலைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த மேட்டில் ஏற ஆரம்பித்தாள்.