சொந்தக்காரக் கை

இர்பித் நகரத்துப் பிசியோதெரபி மையத்தில் பிள்ளைக்கு இடம் கிடைப்பது லேசான காரியமில்லை. ரிஹாபுக்குச் சுலபமாகக் கிடைத்தது. அங்கே வேலை பார்க்கும் அபீர், ரிஹாபின் கணவன் மாஜிதின் சின்னம்மா மகள். காத்திருந்த பிள்ளைகளை எல்லாம் தாண்டி, ஒரே போனில் ரிஹாபின் மகன் யஸனுக்கு இடம் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

அதுதான் வினையாகிப் போனது.

"வாங்க அண்ணி! யஸன் குட்டி, மெத்தையில உக்காருடா. ஏலக்காய் தூக்கலாப் போட்டுக் காபி வச்சிருக்கேன் அண்ணி. நம்ம சுஹைப் நிச்சயதார்த்தத்துல ஏதோ சண்டையாமே, சொல்லுங்க சொல்லுங்க!"

பேச்சு முடிவதற்குள் நேரம் முடிந்துவிடும். கடைசியில் பையனின் காலைப் பிடித்து லேசாக மடக்கி நீட்டுவாள். அவன் முகம் சுளித்தால் போதும். "பாவம் பிள்ளை, அத்தைக்கு மனசு கேக்கலடா" என்று விட்டுவிடுவாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் முராத் என்பவர், யார் யாரோ பெற்ற பிள்ளைகளை அழ அழ இழுத்து நிற்க வைத்தார். அவர்களின் குதிகால் தரையில் பதிந்தது. யஸன் மட்டும் இன்னும் நுனிக்காலில்தான். கோடைக்குள் தசை இளகாவிட்டால் கத்தி வைக்க வேண்டியதுதான் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஆளை மாத்தித் தரச் சொல்லிக் கேக்கட்டுமா?" என்று ரிஹாப் வீட்டில் கேட்டுப் பார்த்தாள்.

மாஜித் பதறினான். "அப்புறம் சின்னம்மா மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? நீ வாயே திறக்காதே!"

இன்று மேற்பார்வையாளர் லுப்னா வந்திருந்தாள். பெற்றோரை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு விசாரித்தாள். இதை விட்டால் வேறு வழியில்லை என்று ரிஹாப் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு எழுந்தாள். அபீர் ஓடி வந்து அவள் கையைக் கோத்துக்கொண்டு கூடவே நுழைந்தாள்.

"நான் இருந்தா என்ன மேடம்? இவங்க எங்க அண்ணி!"

லுப்னா சிரித்துவிட்டு ரிஹாபைப் பார்த்தாள். "சொல்லுங்கம்மா, சிகிச்சை திருப்தியா இருக்கா?"

அபீரின் விரல்கள் ரிஹாபின் விரல்களுக்குள் இறுகின.

"பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிறா."

"குறைன்னு ஏதாவது?"

"...ஒண்ணுமில்ல."

"நல்லதாப் போச்சு. அடுத்த மாசம் பிள்ளைங்களைப் பிரிக்கிறோம். திருப்தி இல்லேன்னு சொன்னவங்களை முராத்கிட்ட அனுப்பறோம். நீங்க கவலைப்படாதீங்க, உங்க பையன் அபீர்கிட்டயே இருப்பான்."

ரிஹாபுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "முராத்கிட்டயா? வந்து... அவர்கிட்ட இடம்..."

"உங்களுக்கு எதுக்கும்மா அவர்?"

இருவரும் அவளையே பார்த்தார்கள். அபீரின் சிரிப்பு மெல்ல வாடத் தொடங்கியது.

"சும்மாதான் கேட்டேன்" என்றாள் ரிஹாப்.

அபீர் அவளைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன் அண்ணி!"

வெளியே யஸன் சுவரைப் பிடித்தபடி நுனிக்காலில் தத்தித் தத்தி வந்தான். முகமெல்லாம் சந்தோஷம்.

"அம்மா, இன்னைக்கும் வலிக்கவே இல்ல!"