டிரையரின் கீழ்மூடி

வெள்ளிமலையைத் தாண்டி இருக்கும் ஒரு தங்கும் விடுதியில் துணிகளுக்குப் பொறுப்பு செவ்வந்திதான். ஐப்பசி மழை பிடித்து ஒன்பது நாள். கொடியில் எதுவும் காயாது என்றுதான் முதலாளி தனசேகரன் ஏழு மாதத்துக்கு முன்பே டிரையர் வாங்கிப் போட்டிருந்தார். வெளியே குழாய் போகாத ரகம். துணியின் ஈரம் தண்ணீராகி உள்ளேயே ஒரு தொட்டியில் சேரும்.

அந்தத் தொட்டியைத் தினம் இரண்டு முறை கொட்டுவாள். கதவுச் சல்லடையில் படியும் பஞ்சை ஒவ்வொரு தடவையும் வழித்தெடுப்பாள். அப்படியும் மூன்று நாளாகத் துணி சரியாகக் காயவில்லை. இன்று மூன்று மணி நேரம் ஓடிய பிறகும் விரிப்புகள் ஈரமாக, புழுங்கின வாடையோடு வந்தன. பன்னிரண்டு மணிக்கு ஆறு அறைக்கும் ஆள் வருகிறார்கள். கள்ளக்குறிச்சி மெக்கானிக்கோ, மழை விட்டால்தான் மலையேறுவேன் என்று மூன்று நாளாகச் சொல்கிறார்.

முதலாளிக்கு போன் போட்டாள்.

"நீ ஜாஸ்தி துணி திணிச்சிருப்ப," என்றார் தனசேகரன்.

"பாதிதான் சார் போட்டேன். சல்லடையும் தெனம் கழுவுறேன்."

"கீழ ஒரு மூடி இருக்குமே, அத கழட்டி கிளீன் பண்ணியா?"

"எந்த மூடி சார்?"

"புக்குல போட்டுருக்குதே."

"புக்க எங்க சார் குடுத்தீங்க?"

"அது இங்க வூட்டு பீரோல கீது போல."

செவ்வந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்தாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மண்டி போட்டு, இயந்திரத்தின் அடியில் இருந்த மூடியைத் தேடித் திறந்தாள். உள்ளே இரண்டு தாழ்ப்பாள். திருகி இழுத்ததும் ஈரத்தைத் தண்ணீராக்கும், தகடு தகடாக அடுக்கிய ஒரு பெட்டி வந்தது. தகடுகளுக்கு நடுவே பஞ்சு ஈரக் கம்பளி மாதிரி அடைத்துக்கிடந்தது. குழாயடியில் வைத்துக் கழுவக் கழுவச் சாம்பல் தண்ணீராக ஓடியது. ஒரு தகடு கட்டைவிரலைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு கழுவி, நீர் வடியவிட்டு மாட்டினாள். பிளக்கைச் செருகி ஓட்டியதும் இயந்திரம் கீச்கீச்சென்று கத்தியது. ஒரு தாழ்ப்பாள் சரியாக உட்காரவில்லை. திட்டிக்கொண்டே நிறுத்தி, மறுபடி மாட்டி ஓட்டினாள்.

ஒரு மணி நேரத்தில் முதல் சுற்று மொடமொடவென்று காய்ந்து வந்தது. ஆனால் மணி பன்னிரண்டே கால். வரவேற்பறையில் ஆட்கள் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்தது, முதலாளிதான். அடிப்பெட்டியைக் கழுவினதும் துணி காய்ந்துவிட்டது என்றாள்.

"பாத்தியா? இத மொதல்லயே செஞ்சிருந்தா இன்னா?"

"மொதல்லயே சொல்லியிருந்தா இன்னா சார்?" என்றாள்.

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் போனைத் துணிக்கூடை மேல் போட்டுவிட்டு, விரிப்புகளை அள்ளிக்கொண்டு முதல் அறைக்கு நடந்தாள்.